உப்பு நெல்லிக்காய் ஜாடி

பல் செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டால் அது என்னுடையதாகவே தெரிவதில்லை. யாரோ ராட்சசனுடையது போல் இருக்கிறது. கடித்துக் குதறும் சாமர்த்தியம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். இன்று காலை செம்பூர் வீட்டில் அதைப் பார்த்ததும் பம்பாய் மாதுங்காவில் நான் சாப்பிட்ட மெஸ்ஸின் ஜாடி ஞாபகம் வந்துவிட்டது.

யுத்த காலம். நானும் சேஷுவும் ஒரே அறையில் இருந்த குமாஸ்தாக்கள். அவன் பிசிக்ஸில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஃபைல்களுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். சாப்பாடு சாமாவையர் மெஸ்ஸில். எங்கள் ரேஷன் கார்டுகள் அவர் பெட்டியில் இருந்தன. அதாவது, எங்கள் வயிறும்.

மெஸ் வாசலில் ஒரு குண்டுக் கண்ணாடி ஜாடி. உப்புத் தண்ணீரில் நெல்லிக்காய்கள், ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு. அதைப் பார்த்து நாக்கில் நீர் ஊறி மெஸ்ஸில் சேர்ந்தவன்தான் நானும். இலையில் வந்து விழும்போது அது சுண்டைக்காய்க்கு அண்ணனாக இருக்கும். மீதி எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமாவையர் புது ஆள் ஒருவரிடம், "இந்த சைஸ் பம்பாய்ல எங்கயும் கிடைக்காதாக்கும்" என்று அளந்துகொண்டிருந்தார். சேஷு பந்தியிலிருந்து எழுந்தான்.

"மாமா, அது ரிஃப்ராக்‌ஷன். தண்ணிக்குள்ளேர்ந்து வெளிச்சம் காத்துக்கு வரச்சே வளையறது. ஜாடியும் உருண்டை. அதான் பெருசாத் தெரியறது."

சொன்னதோடு நிற்காமல் சட்டைப் பையிலிருந்த பென்சிலை டம்ளர் தண்ணீரில் சாய்த்துக் காட்டினான்.

"ஒடைஞ்சுடுத்தா?" என்றார் சாமாவையர்.

"இல்லே. ஒடைஞ்ச மாதிரி தெரியறது."

"அப்படியா? நாளைலேர்ந்து வெறும் தண்ணி குடியும். வயிறு நெறஞ்ச மாதிரி தெரியறதான்னு பாரும்."

ரேஷன் கார்டு அவன் இலைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சேஷு என்னைப் பார்த்தான். நான் குனிந்தபடி, "கொஞ்சம் ரசம்" என்றேன்.

வேறு எந்த மெஸ்ஸிலும் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. எட்டு நாள் டீயும் பாவ் ரொட்டியுமாக ஓட்டினான். ஒன்பதாம் நாள் சாமாவையர் முன்னால் போய் நின்றான்.

"என் கண்ணுலதான் கோளாறு, மாமா."

"அதானே பார்த்தேன். உக்காரும்."

அதன் பிறகு சேஷு யாருக்கும் எதையும் விளக்கவில்லை. மேலதிகாரி கறுப்பை வெள்ளை என்றால், "ஆமாம் சார், பளிச்சென்று இருக்கிறது" என்பான். மளமளவென்று உயர்ந்து, பெரிய அறையும் மேஜை மணியுமாக ரிடையரானான்.

மெஸ் இருந்த இடத்தில் இப்போது புடவைக் கடை. சாமாவையர் போய்விட்டார். சேஷுவை நேற்றுகூடக் கோவிலில் பார்த்தேன், சௌக்கியமாக இருக்கிறான். பந்தியிலிருந்து எழுந்து நின்ற அந்தப் பையனைத்தான் அப்புறம் நான் பார்க்கவே இல்லை.