பட்டிப் பொங்கலுக்கு ஒரு மேசை

அறுபத்தொரு வயது ஆகும்வரை குப்பண்ணனுக்கும் மேசைக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. வாளையாருக்குத் தெற்கே, கேரளத்துப் பக்கம், எல்லைச் சாவடியிலிருந்து வண்டித்தடத்தில் இரண்டு மைல் போனால் அவருடைய தோட்டம். நான்கு மாடுகள், மனைவி வள்ளியாத்தாள், ஊர் நிறையக் கூட்டாளிகள். பிறந்ததிலிருந்து தரையில் உட்கார்ந்து, தரையில் இலை போட்டுச் சாப்பிட்ட மனிதர். அப்படிப்பட்டவர் எழுபத்தாறாம் வருடப் பொங்கலுக்கு, பதினாலு பேர் சாப்பிடும் மேசை ஒன்றைத் தேடிப் புறப்பட்டார் என்றால், அதற்குக் காரணம் பரீதின் முழங்கால்.

பரீது சின்ன வயதுக் கூட்டாளி. பாலக்காட்டில் ஆணி, பூட்டு, கீல் விற்கிற கடைக்காரர். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் குப்பண்ணனின் மயிலைக்காளை கிணற்றில் விழுந்துவிட்டது. ஊரே மேலே நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கியவர் பரீது ஒருவர்தான். கயிறும் ஆளும் வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் மார்பளவு தண்ணீரில் படிக்கல்லில் நின்று, காளையின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார். காளை பிழைத்தது. பரீதின் முழங்கால்கள் அன்றோடு அவரிடம் கோபித்துக்கொண்டன.

அந்த வருடத்திலிருந்து மாட்டுப்பொங்கலன்று, பட்டியில் மாடுகளுக்குப் பொங்கல் ஊட்டி முடித்ததும், மனிதர்களில் முதல் இலை பரீதுக்குத்தான். ஒரு வருடமும் தவறியதில்லை. இத்தனைக்கும் குப்பண்ணன் வாய் திறந்து நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வெட்கம், வேறென்ன.

போன பொங்கலில்தான் வந்தது வினை. சாப்பிட்டு முடித்த பரீதால் எழுந்திருக்க முடியவில்லை. மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். வேட்டி ஒரு பக்கம் போயிற்று, பரீது ஒரு பக்கம் போனார். எல்லோரும் சிரித்தார்கள். குப்பண்ணனும் சிரித்துத் தொலைத்தார். பரீது சிரிக்கவில்லை.

"அடுத்த வருசம் என்னய எதிர்பாக்காதே குப்பண்ணா. பாத்துவ அனுப்பி வெக்கறேன்." பாத்து அவர் மனைவி.

"உனக்கொரு நாற்காலி போட்டா ஆச்சு."

"நீங்கெல்லாம் கீழ, நா மட்டும் மேல உக்கோந்து தின்னா அது என்ன சோறு?"

பரீது சொன்னால் சொன்னதுதான். குப்பண்ணனுக்கு அந்த வருடம் முழுக்க அதே கவலை. பரீது இல்லாத பட்டிப் பொங்கலை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. அவனால் கீழே உட்கார முடியாதென்றால், நாம் அத்தனை பேரும் மேலே ஏறிவிட வேண்டியதுதானே! எல்லைக்கு அந்தப் பக்கம், மதுக்கரையில், ஒரு பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வண்டியைக் கட்டினார். மேசை வருகிறது, நீ வந்து சேர் என்று பரீதுக்கும் ஆள் விட்டார். வருகிறேன் என்று பதில் வந்தது.

போகியன்று சாயங்காலம் மேசையோடு எல்லைக்கு வந்தால், மூங்கில் தடுப்பு சாத்தியிருந்தது. காவலுக்கு யாக்கோபு மட்டும். மலைமேல் சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து வந்த ஆள். மற்றவர்கள் எல்லாம் லீவில் போய்விட, தனியாக மாட்டிக்கொண்டவர். அரிசிக் கடத்தலைப் பிடித்துப் பிடித்துப் பழகிய கை அவருடையது. மேசைக் கால்கள் நான்கையும் தட்டிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். ஒரு காலில் காதை வைத்தும் கேட்டார்.

"அரிசி இல்ல அண்ணாச்சி. ஆனா மரச்சாமானுக்குப் பாஸ் வேணும்ல."

"சோறு திங்கற மேசைங்க. அதுக்கு எங்கிருந்துங்க பாஸ் வரும்?"

"அரிசின்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். மேசையப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

மேசை புளியமரத்தடியில் இறங்கியது. குப்பண்ணன் வெறும் வண்டியோடு வீடு திரும்பினார். மறுநாள் பொங்கலன்றும் போய்க் கெஞ்சிப் பார்த்தார். யாக்கோபு யோசித்துக்கொண்டே இருந்தார்.

மாட்டுப்பொங்கலன்று காலையில் யாக்கோபே சைக்கிளை மிதித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

"யோசிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. சோறு திங்கிற மேசைய நிறுத்தி வச்சு நான் என்ன செய்யப் போறேன்? எடுத்துட்டுப் போங்க."

குப்பண்ணன் பட்டியைத் திரும்பிப் பார்த்தார். மாடுகள் குளித்து, கொம்புக்குச் சாயம் பூசி, கழுத்தில் மாலையோடு நின்றன. மாட்டுப்பொங்கலன்று மாட்டின் கழுத்தில் நுகத்தை வைக்கிறவன் அந்த வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆட்களே தூக்கி வரலாம் என்றால், கூட்டாளிகள் அத்தனை பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். மேசையை அவர்கள் தூக்கினால், அவர்களை யார் தூக்குவது? குப்பண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வள்ளியாத்தாள்தான் அடுப்பிலிருந்து பானையை இறக்கினாள். "ஏனுங்க, மேசை வராட்டிப் போவுதுங்க. நாம போலாம். பரீதண்ணன் பஸ்ஸும் அங்கதானுங்க நிக்கும்."

அப்படியே கிளம்பிற்று கூட்டம். மாடுகள் முன்னால், பானைகள் பின்னால், இலைக்கட்டோடு கூட்டாளி பழனிச்சாமி கடைசியில். புளியமரத்தடியில் மாடுகளுக்கு முதலில் பொங்கல் ஊட்டினார்கள். மேசையில் பதினாலு இலை விரித்தார்கள். பஸ்ஸும் வந்தது. பரீது கைத்தடியை ஊன்றி இறங்கி, மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மேச சரி. நாற்காலி எங்க?"

தரையில் உட்கார்ந்தே வளர்ந்த கூட்டம். மேசை என்றால் கூடவே நாற்காலியும் வேண்டும் என்பது குப்பண்ணன் உட்பட ஒருவர் புத்திக்கும் எட்டியிருக்கவில்லை. யாக்கோபு ஓடிப்போய்ச் சாவடியிலிருந்த ஒற்றை நாற்காலியைக் கொண்டுவந்து பரீதுக்குப் போட்டார்.

பரீது அதைப் பார்த்தார். மறுபடியும் அவர் ஒருவர் மட்டும். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "நா அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்," என்று கைத்தடியைத் திருப்பினார்.

குப்பண்ணன் திருதிருவென்று விழித்தார். மரத்தடியில் மயிலையின் வம்சத்துக் காளை, நின்றபடி பொங்கலை மென்றுகொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கி யாக்கோபின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓர் இலைக்கு முன்னால் போய் நின்றார்.

"எல்லாரும் எலைக்கு முன்னால நின்னுக்குங்க. மாடு நின்னுதானே திங்குது. இன்னைக்கு அதுக நாளு."

ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். வள்ளியாத்தாள் யாக்கோபுக்கும் ஓர் இலையைப் போட்டு அவரையும் நிற்க வைத்தாள்.

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?" என்றார் பரீது. "எனக்கோசரம் இத்தன பேரும் நின்னுட்டுத் திங்கறதா?"

குப்பண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கெணத்துல நீ மூணு மணி நேரம் நின்னியே பரீது. ஒரு வேளைச் சோத்துக்கு நாங்க நிக்க மாட்டமா?"

பரீது கைத்தடியை மேசை விளிம்பில் மாட்டிவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குப்பண்ணனுக்குப் பக்கத்து இலையில் வந்து நின்றார்.

"இருவத்தாறு வருசமாச்சு, உனக்கு இதச் சொல்ல," என்றார்.