கரட் துருவியில் மெரெங்கே

இண்டைக்குப் பின்னேரம் சிட்னியில எங்கட பிளாட் குசினியில கரட் துருவிக்கொண்டிருந்தனான்.

எல்லாரும் புதுசா வந்த கலர் டிவி வாங்க, மேல்வீட்டு ரஃபாயேல் மட்டும் ரெக்கோர்ட் பிளேயர் வாங்கினவன். ஆள் கரீபியன் தீவுப்பக்கம், டொமினிக்கன்காரன். தன்ர ஊர்ப் பழைய மெரெங்கே ஆட்டப்பாட்டைச் சத்தமாப் போட்டிருந்தான். அக்கோடியன் வேகமா ஓட, என்ர கையும் கூடவே ஓடிச்சு.

கதவு தட்டுப்பட்டுது. ரஃபாயேல்! துருவுற சத்தத்துக்குச் சண்டை பிடிக்கத்தான் வந்திட்டான் எண்டு பயந்திட்டன்.

“குவிரா வாசிக்கிறது ஆர்?” எண்டு கேட்டான். அது கம்பியால சுரண்டி வாசிக்கிற தகர வாத்தியமாம்.

நான் கையில இருந்த கரட் துருவியைக் காட்டினன்.

அதை வாங்கித் தானும் சுரண்டிப் பார்த்தான். “இந்தத் தாளம் இல்லாட்டி மெரெங்கே இல்லை. மேல வாங்கோ!”

ஒன்பது பாட்டு வாசிச்சன். கரட் முடிய முள்ளங்கி, அதுக்குப் பிறகு வெறும் துருவி.

இப்ப மேளத்துக்கு ஆள் தேடுறம். ஆர் வாறியள்? சொந்தச் சட்டி கொண்டு வரவேணும்.