நீலக் கேற் வீட்டுப் பிள்ளை

பிள்ளைகளைப் பேச வைப்பதுதான் என்னைப் போன்ற உளவளத்துணையாளரின் தொழில் என்பார்கள்; மன்னாரில் பாதி நேரம் அம்மாமாரைப் பேசாமல் இருக்க வைப்பதிலேயே போய்விடும். பிள்ளை வளர்க்கும் உங்களுக்கு இந்தப் பாடு தெரியாததா?

குளிசை கேட்டவர்

பதினாறு வயது நிலானி கொளுத்தும் வெயிலிலும் நீளக்கைச் சட்டையோடு திரிந்தாள். தன் கையைத் தானே காயப்படுத்துகிறாள் என்று வகுப்பாசிரியை கண்டுபிடித்து, தாய் மெற்றில்டாவோடு என்னிடம் அனுப்பினார். டொக்டரிடம் காட்டியிருந்தார்கள். தாய் என்னிடமும் விழுங்க ஒரு குளிசை கேட்டார்.

இது புத்தி பேதலித்த விசருமில்லை, நடிப்புமில்லை என்றேன். சொல்லத் தெரியாத நோவைக் கொஞ்ச நேரம் அடக்கப் பிள்ளை கண்ட வழி. ஏசாமல் பக்கத்தில் இருந்து கதைத்தால் வேறு வழி பிறக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், எழும்பும்போது கேட்டார்: "ஏசாமல் கதைக்கிறதெண்டா, எப்பிடி மிஸ் தொடங்கிறது?"

பெயர் சொல்லாத மன்றாட்டு

விஷயம் நமக்குள் இருக்கட்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அந்தக் கிழமையே, தெருவே கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில், மெற்றில்டா மகளுக்காக உரத்து மன்றாடிவிட்டார். மறுநாள் நிலானி சிவந்த கண்ணோடு வந்தாள். இனி யாரையும் நம்பமாட்டாள், கோபத்தையும் தன் கையில்தான் தீர்ப்பாள் என்று பயந்தேன். ஆனால் அதுவரை ஓம், இல்லை தவிர வாய் திறக்காதவள், அன்று தாயை ஏசித் தீர்த்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். "அவ பெயர் சொல்லேல்லையாம் மிஸ். நீலக் கேற் வீட்டுப் பிள்ளைக்காக எண்டுதானாம் சொன்னவ. தெருவில வேற ஆருக்கு நீலக் கேற்?" என்றாள்.

காது கொடுத்தவை

மனம் முட்டும்போது மூச்சைக் கவனி, முகம் கழுவு, தாளில் படம் கீறு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எல்லாம் அலுப்பு என்றாள். பிறகு அவளாகவே ஒன்று கண்டுபிடித்தாள். வாசல் கேற்றடியில் நிற்கும் ஊர்க் கழுதைகளிடம் போய் மனதில் உள்ளதையெல்லாம் ஏசுவது. அவை காதை ஆட்டிக்கொண்டு நிற்கும், புத்தி சொல்லாது.

கஷ்டமான நாட்கள் இன்னும் வருகின்றன. ஆனால் இப்போது தனியே கதவைச் சாத்திக்கொள்வதில்லை. தாயையும் கூப்பிட்டுக்கொண்டுதான் கேற்றடிக்குப் போகிறாள். கடைசியாகப் போனபோது அம்மா என்ன செய்தார் என்று கேட்டேன். "கழுதையை ஏசி முடிய, மிச்சத்தை அம்மாட்டைச் சொன்னன் மிஸ். அவவும் அதுகள் மாதிரியே பேசாமல் நிண்டு கேட்டவ."

குறுக்கிடாமல் கேட்பது எப்படி என்று மெற்றில்டாவுக்கு நான் மாதக்கணக்கில் படிப்பித்த பாடத்தை, சம்பளமில்லாமல் முடித்து வைத்தவை மன்னார்க் கழுதைகள்.