ஐஸ் பெட்டிக்கு எந்த ஃப்ரேம்வொர்க்கு

ஒரு வாடகைச் சாமான் கடைக்கு வெப்சைட் போடுறதுக்கு நானும் எங்க சித்தி மகனும் ஒரு மாசமா சண்டை போட்டோம். சைட்டு போடுறதா வேண்டாமான்னு இல்ல. எதுல போடுறதுன்னு.

ஃப்ரேம்வொர்க்குன்னு ஒண்ணு இருக்கு. தெரிஞ்சவங்க சிரிக்காதீங்க, தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பந்தல் போடுறப்ப மொதல்ல கம்பு நட்டு, குறுக்க கட்டிட்டு, அப்புறந்தான துணிய இழுத்து விடுவாங்க? அந்தக் கம்புக்கட்டுதான் ஃப்ரேம்வொர்க்கு. மூங்கில்லயும் கட்டலாம், இரும்புக் குழாயிலயும் கட்டலாம். உள்ள எலை போட்டு உக்காந்திருக்கவன் அண்ணாந்து பாக்கப் போறதே இல்ல. கட்டுறவங்கதான் மூங்கிலா இரும்பான்னு வெட்டிக்கிட்டுச் சாவாங்க.

அவன் எனக்குத் தம்பி முறை, இஞ்சினியரிங். நான் பத்தாவது. அதுலயும் கணக்குல ஒரு தடவை போயி, திரும்ப எழுதி வந்தது. மத்ததெல்லாம் ஃபோன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டது. எங்க ஆபீஸ் திருக்கோகர்ணத்துல ஒரு செல்ஃபோன் கடைக்கு மேல மாடியில இருக்கு. ஆபீஸ்னா ஒரு ரூமு, ரெண்டு லேப்டாப்பு, சுத்துற சுத்துல நம்மளையும் சேத்து ஆட்டுற ஒரு ஃபேனு. அங்க டெக்னாலஜி பத்திப் பேசுற உரிமை அவனுக்கு. தமிழ் டைப் அடிக்கிற உரிமை எனக்கு.

அந்த ரூமைப் புடிச்சது எங்க அண்ணன். போன ஆடியில செத்துட்டான். நெஞ்சு வலிக்குதுன்னான், கேஸா இருக்கும்னு அவனே சோடா வாங்கிக் குடிச்சான், அது கேஸ் இல்ல. அவ்வளவுதான். வந்தவங்க எல்லாம் "சின்ன வயசு, சின்ன வயசு"ன்னாங்க. எங்களுக்கு அவன் வயசு தெரியாது பாருங்க.

அண்ணனுக்கு எந்த ஃப்ரேம்வொர்க்கும் புடிக்காது. வெறும் பிஹெச்பிங்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில தானே ஒண்ணைக் கட்டி வச்சிருந்தான். உள்ள புரோகிராம் கோடு பூராம் நம்ம பேச்சுதான், எழுத்து மட்டும் இங்கிலீசு. உள்ள விடுற வேலைக்கு 'உள்ளவா'ன்னு பேரு. வெளியேறுற பட்டன்ல 'போயிட்டு வாரேன்'னு இருக்கும். சர்வர் படுத்துருச்சுன்னா 'டீ குடிக்கப் போயிருக்கேன், இருங்க'ன்னு வரும். பாஸ்வேர்டைத் தப்பா போட்டா 'யாருப்பா நீ'ன்னு கேக்கும். அதுலதான் அரிமளத்துல பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுற மாமா ஒருத்தருக்கு ஒரு சின்ன புக்கிங் பக்கம் போட்டுக் குடுத்திருந்தான். அது இன்னும் ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப மாமா ஆவுடையார்கோவில்ல இன்னொரு கடை தொறக்குறாரு. எந்தச் சேர் எந்தக் கடையில இருக்குன்னு ஃபோன்லயே தெரியணும், பெருசா புதுசா போட்டுக் குடுங்கன்னாரு.

அண்ணன் கட்டுனது மேலயே கட்டுவோம்னு நான் சொன்னேன். தம்பி, ரியாக்ட்டுன்னு புதுசா ஒரு ஃப்ரேம்வொர்க்கு இருக்கு, அதுலதான்னான்.

"அக்கா, அதுல செக்யூரிட்டியே கிடையாதுக்கா."

"பிளாஸ்டிக் சேரைத் தூக்குறதுக்கு எவன்டா ஹேக் பண்ணி வருவான்?"

"ஸ்கேல் ஆகாதுக்கா. கூட்டம் கூடுனா தாங்காது."

"அரிமளம் எம்புட்டுடா ஸ்கேல் ஆகும்? ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு மாப்பிள்ளையா வரப் போறான்?"

"சப்போர்ட் இல்லக்கா. ஒரு சந்தேகம்னா கேக்க ஆளு வேணும்ல. அதை எழுதின ஆளு..."

அதோட நிறுத்திட்டான்.

"சொல்லுடா. எழுதின ஆளு செத்துட்டான், சப்போர்ட் கிடையாது. இதைச் சொல்றதுக்கு எதுக்கு இஞ்சினியரிங் படிச்ச?"

அன்னிக்கு அவன் டீ குடிக்காமயே போயிட்டான். மறுநாள் வந்து வீடியோ வீடியோவா போட்டுக் காட்டுனான். ஒருத்தன் பிஹெச்பி செத்துப்போச்சுன்றான். அடுத்த வீடியோவுல இன்னொருத்தன் ரியாக்ட் செத்துப்போச்சுன்றான். மூணாவது ஆளு ரெண்டும் செத்துப்போச்சு, நேத்து ஒண்ணு பொறந்திருக்கு, அதைக் கத்துக்கன்றான். இவங்க வீட்டுலல்லாம் யாரும் செத்ததே இல்ல போலருக்கு. அவங்க செத்துப்போச்சுன்னு சொன்ன பிஹெச்பி காலையில இருந்து அரிமளத்துக்குச் சேர் அனுப்பிக்கிட்டிருந்துச்சு. எங்க வீட்டுல செத்துப்போனது எந்திரிச்சு வரவே இல்ல.

இதுல எனக்கு என்ன வந்துச்சுன்னும் சொல்லிர்றேன். செக்யூரிட்டி, ஸ்கேலு எந்த எழவும் எனக்கு வேண்டாம். வீட்டுல அண்ணன் ஃபோட்டோவுக்கு லைட்டு போட்டு மாட்டி வச்சிருக்காங்க. அது பேசாது. சைட்டு பேசும். தம்பி வெளிய போனோன்ன நான் வேணும்னே தப்பான பாஸ்வேர்டு போடுவேன். 'யாருப்பா நீ'ன்னு கேப்பான். பேரு கேக்குற கட்டத்துல 'தங்கச்சி'ன்னு அடிப்பேன். திரும்பவும் 'யாருப்பா நீ'. உயிரோட இருந்தப்பயும் என்னை அப்புடித்தான் மதிச்சான். இதைப் போயி தம்பிகிட்ட எப்புடிச் சொல்றது? ஃப்ரேம்வொர்க்கு எடுக்குறதுக்கு இது ஒரு காரணம்னு எந்த வீடியோவுலயும் வரலை.

கடைசியில தம்பியே மாதிரிக்கு ஒரு சைட்டை ரியாக்ட்ல போட்டான். மாமாகிட்ட காட்டுவோம், அவரு எதைச் சொல்றாரோ அதுன்னான். ரெண்டு பேரும் பஸ் ஏறி அரிமளம் போனோம்.

கடையில பாத்திரம் கழுவி அடுக்கிக்கிட்டிருந்தாங்க. மாமா லேப்டாப்பை வாங்கி வடைச்சட்டி மேல வச்சுக்கிட்டாரு. சேரைத் தொட்டாரு, சேர் சுத்திக் காட்டுச்சு. சோஃபாவைத் தொட்டாரு, சோஃபா நெறம் மாறுச்சு. "அடேயப்பா, நம்ம சோஃபாவாப்பா இது?"ன்னாரு. தம்பி என்னைப் பாத்தான். நான் அண்டாவைப் பாத்தேன்.

"சரி, இதுதான் அடிக்கடி போவும்"னு சொல்லிட்டு மாமா ஐஸ் பெட்டியைத் தொட்டாரு. எழவு வீட்டுல பொணத்தை வைக்கிற பெட்டி. பேரு போட்டாரு, ஊரு போட்டாரு, பட்டனை அமுக்குனாரு.

ஸ்கிரீன் பூராம் கலர் கலரா பேப்பர் பறந்துச்சு. நடுவுல பெருசா வந்துச்சு: 'வாழ்த்துகள்! உங்கள் ஆர்டர் உறுதியானது. மீண்டும் வருக!'

பாத்திரம் கழுவுன அக்கா கூட கையை நிறுத்திட்டு எட்டிப் பாத்துச்சு.

"ஏன்ப்பா," மாமா மெதுவாதான் கேட்டாரு. "எழவு வீட்டுக்காரனுக்கு வாழ்த்துச் சொன்னா சேரைத் தூக்கி அடிப்பான்ப்பா. அதுவும் எஞ்சேரை எடுத்தே என்னை அடிப்பான்."

"அது ரெடிமேடா எடுத்த டெம்ப்ளேட்ல இருந்தது மாமா, மாத்திரலாம்."

"மீண்டும் வருகவாம்ல. எங்கப்பா வரச் சொல்ற? எழவு வீட்டுல இருந்து கெளம்புறவன் போயிட்டு வாரேன்னே சொல்ல மாட்டான். கம்முனு செருப்பை மாட்டிக்கிட்டு நடப்பான். நீ பத்திரிகை வைக்கிற!"

எனக்குச் சந்தோசம். பொய் சொல்ல விரும்பலை, அம்புட்டுச் சந்தோசம். உடனே ஃபோனை எடுத்து அண்ணன் சைட்டைத் தொறந்தேன். "மாமா, இங்கிட்டுப் பாருங்க"ன்னு சொல்லி ஐஸ் பெட்டியை புக் பண்ணுனேன். அண்ணன் அதுக்குன்னு தனியா ஒரு பக்கம் எழுதியிருந்தான். கலரு கிடையாது, நன்றி கிடையாது, வாங்கன்னு கூட கிடையாது. வெள்ளையில ரெண்டே வரி:

'வேற எதையும் யோசிக்காதீங்க. நாங்க வந்துக்கிட்டிருக்கோம்.'

மாமா வாசிச்சாரு. "ஒங்கண்ணன் ஒங்கண்ணன்தான் ஆத்தா"ன்னாரு. நான் ஜெயிச்ச மாதிரி திரும்பிப் பாத்தா தம்பியக் காணோம். ரோட்டுக்குப் போயி, நிக்கிற மினி பஸ்ஸைப் பாத்துக்கிட்டு நின்னான். தோத்துட்டான்ல, மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

திரும்பி வாரப்ப திருமயம் சுத்திப் போற பஸ்ல சன்னலோரம் உக்காந்தான். நான் விடுவேனா?

"என்னடா, வாழ்த்துகள் ஐயா? பேப்பரெல்லாம் பொறுக்கிட்டியா?"

திருமயம் கோட்டை தெரியிற வரைக்கும் சன்னல் கம்பியைச் சுரண்டிக்கிட்டே வந்தான். அப்புறம் வெளிய பாத்துக்கிட்டே சொன்னான்.

"அன்னிக்கு அண்ணனுக்கு ஐஸ் பெட்டி சொன்னது யாருக்கா?"

யோசிச்சுப் பாத்தா எனக்குத் தெரியலை. அன்னிக்கு வீட்டுல சேர் வந்துச்சு, பந்தல் வந்துச்சு, பெட்டி வந்துச்சு. சொன்னது யாருன்னு நான் கேக்கவே இல்ல.

"நாந்தாங்க்கா. மாமாவுக்கு லைன் கெடைக்கலை. அந்த சைட்லதான் போட்டேன். பேரு கேட்டுச்சு. அண்ணன் பேரை அடிச்சேன். அமுக்குனேன். அந்த ரெண்டு வரி வந்துச்சு. அண்ணனே எங்கிட்ட சொன்ன மாதிரி இருந்துச்சுக்கா. இன்னொரு தடவை அதைப் பாக்க என்னால முடியாது. அதுக்குத்தான் ரியாக்ட்டுன்னேன். ஸ்கேலாவது மண்ணாவது."

கண்டக்டர் வந்து, "தம்பி, சில்லறையா இருந்தா குடுங்க"ன்னாரு. நல்ல நேரத்துக்கு வந்தாரு. ரெண்டு பேரும் பையைத் தொழாவிக்கிட்டே மூஞ்சைத் தொடச்சுக்கிட்டோம்.

அண்ணன் பேசுறான்னு நான் புடிச்சுக்கிட்டிருந்தேன். பேசுறான்னு அவன் ஓடிக்கிட்டிருந்தான். இதுக்கு ஒரு மாசம் மூங்கிலு இரும்புன்னு சண்டை.

"ரியாக்ட்லயே போடுடா"ன்னேன்.

"நெசமாவாக்கா?"

"அந்தப் பேப்பர் பறக்குறதை மட்டும் எடுத்துரு. மாமா அடி வாங்குவாரு."

"ஐஸ் பெட்டிக்கான பக்கத்துல என்ன எழுதுறது?"

ரெண்டு பேரும் புதுக்கோட்டை வார வரைக்கும் யோசிச்சோம். ஒரு இஞ்சினியரு, ஒரு பத்தாவது. அந்த ரெண்டு வரியை விட நல்லதா ஒரு வார்த்தை வரலை. "அதையே போட்டுரு அக்கா. ஆனா நீ அடி"ன்னான்.

தமிழ் டைப் அடிக்கிற உரிமை எனக்குத்தான. ஆபீஸ் வந்து நான் அடிக்கிறப்ப தம்பி ஃபேனைப் பாத்துக்கிட்டிருந்தான்.

"அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன்."

"டெஸ்ட் பண்ணு."

"நீ பண்ணு."

யாரும் பண்ணலை. சேரு, சோஃபா, அண்டா, கரண்டி வரைக்கும் டெஸ்ட் பண்ணி லைவ்ல விட்டோம். அண்ணனோட பழைய சைட்டு இப்ப என் லேப்டாப்புல மட்டும் ஓடுது. ஸ்கேல் ஆகலை. யூஸர் ஒருத்திதான், அவளும் பாஸ்வேர்டைத் தப்பாவேதான் போடுறா.

போன வாரம் மாமா ஃபோன் பண்ணுனாரு. "ஆத்தா, எல்லாம் நல்லாருக்கு. அந்தப் பெட்டிப் பக்கம் மட்டும் சரியா வருதா? ஒரு தடவை அமுக்கிப் பாத்தியா?"

"பாக்கலை மாமா."

"பாக்காம எப்புடித்தா?"

"அது வரும் மாமா. அண்ணன் எழுதினது."