கூரை போட்ட தலைவரும் மொஸ்கோ அண்ணையும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எங்கே எந்த ‘ர’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். பிழை கண்டால் நீங்களே திருத்தி வாசியுங்கள்.

போன சனிக்கிழமை கெல்சென்கிர்ச்சன் பழஞ்சாமான் சந்தையில், தேநீர்க் கோப்பைகளுக்கும் கை உடைந்த பொம்மைகளுக்கும் நடுவே சட்டம் போட்ட ஒரு படம் கிடந்தது. கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்த காலத்தில் அதற்குத் தலைவராக இருந்தவர். கனத்த மூக்குக்கண்ணாடி, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற உதடு. எடுத்துப் பார்த்தேன். சட்டத்தில் கரிப்புகை மணம்.

அதே மணம்தான் கிழக்கு பெர்லினில் நான் முதன்முதல் வந்து இறங்கிய நாளிலும். விமான நிலையச் சுவரில் இதே முகம். அங்கத்தைய மனேச்சர் என்று நினைத்து, உள்ளே விடட்டும் என்று அடக்கமாகத் தலைகுனிந்தேன். கூட வந்தவன் விலாவில் இடித்தான்.

“விசரா, அது படமடா. நட!”

ரயில் ஏறி மேற்குப் பக்கம் போய் இறங்கினோம். ஒருவரும் மறிக்கவில்லை. அந்த நாட்டுச் சனத்துக்கு அப்படிப் போக அனுமதி இல்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தத் தலைவரின் முழுக்கதையையும் எனக்குச் சொன்னவர் மொஸ்கோ அண்ணை. இரண்டாயிரம் பிறந்த பிறகு, எசனில் ஒரு உணவகத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினோம். ஊரில் கம்யூனிஸ்ட்காரர் மொஸ்கோ பக்கம், பீக்கிங் பக்கம் என்று பிரிந்து கிடந்த காலத்தில் அவர் மொஸ்கோ பக்கம். அதனால்தான் அந்தப் பெயர். நான் வாய் திறவாதவன். அவருக்கு அப்படியொரு ஆள்தான் தேவைப்பட்டது.

“சுரங்கத்திலை வேலை செய்த மனிசன்ரை பெடியன், தம்பி. கூரை போடப் பழகினவர். முந்தின ஆட்சிக்காரர் பத்து வரியம் மறியல்லை பூட்டி வைச்சவங்கள். பிறகு பார், ஒரு நாட்டுக்கே தலைவர்! கோப்பை கழுவுற நீ அப்பிடி வருவியோ?”

“வந்தால் உங்களைத்தான் மந்திரியாக்குவன், அண்ணை.”

“என்ன இலாகா?”

“சட்டி பானை.”

சிரிப்பார். ஆனால் ஒருநாள் நான், “மதில் கட்டினதையும் சொல்லுங்கோவன். தாண்டினவனைச் சுட்டதையும் சொல்லுங்கோ” என்றேன். அவர் கழுவிய சட்டியையே திரும்பவும் தேய்த்தார்.

“ஓம். அதுதான் எனக்கும் விளங்கேல்லை. மறியல்லை கிடந்த மனிசன் ஏன் மதில் கட்டினது? கடைசியிலை சொந்தத் தோழர்மாரே கலைச்சுப்போட்டாங்கள். இருக்க வீடில்லை. ஒரு பாதிரியார்தான் அறை குடுத்தவர். கடல் தாண்டிச் சிலியிலை போய்ச் செத்தார்.”

பெர்லினில் அந்த ஆட்சி கட்டிய கண்ணாடி மாளிகையை இடிக்கத் தொடங்குகிறார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அண்ணைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“இடிச்சு முடிக்க முதல் நான் அதைப் பாக்கவேணும், தம்பி. என்ரை இளமையை அந்தப் பக்கத்துக்குத்தான் குடுத்தனான். முழு விசர்வேலையோ எண்டு முன்னாலை நிண்டு பாத்தால்தான் எனக்குத் தெரியும்.”

பார்க்கப் போவதில்தான் சிக்கல். என் அகதி வழக்கு எப்போதோ சரிவந்துவிட்டது. அவரிடம் இருந்தது ‘துல்டுங்’. உன்னை ஏற்கவில்லை, இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்று எழுதித் தருகிற கடதாசி. அதை வைத்திருப்பவர் மாநிலத்தை விட்டு வெளியே போக அனுமதி எடுக்கவேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது தெரிந்த வித்தைதான். யாருக்காவது கல்யாணம் இருக்கும், இல்லாவிட்டால் செத்தவீடு.

“மருமேளின்ரை கல்யாணம் எண்டு சொல்லுங்கோ, அண்ணை. வேறை ஒண்டும் கதைக்காதேங்கோ” என்று பேருந்தில் இரண்டு தரம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்.

அலுவலகப் பெண், “பெர்லினுக்கு எதற்கு?” என்று கேட்டாள். அண்ணை நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், கிழக்கு ஜெர்மனித் தலைவரின் மாளிகையைப் பார்க்க என்றார். அவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு, சுற்றுலாவுக்கெல்லாம் தர முடியாது என்றாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படியிறங்கும்போது கோபத்தில், “ஒரு பொய் சொல்ல ஏலாதோ?” என்றேன்.

“அந்தாளைப் பாக்கப் போறதுக்குமோ பொய் சொல்லுறது?” பிறகு நின்று மூச்சு வாங்கினார். “பாத்தியே தம்பி, எனக்கு மதிலே தேவையில்லை. என்னை மறிக்க ஒரு கடதாசியே காணும்.”

களவாகப் போய்வரவும் மாட்டேன் என்றுவிட்டார். தொலைக்காட்சியில் மாளிகை துண்டு துண்டாகக் குறைந்துகொண்டு வந்தது. அவருக்கு வதிவிட அனுமதி கிடைத்தபோது அங்கே ஒன்றும் மிச்சமில்லை. என்றாலும் போனோம். இந்தக் கோடையில்தான். அந்த இடத்தில் புல் விதைத்திருந்தார்கள். அது முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு இளம்பெண் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு அதன் ஓரத்தில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டாள். அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கனநேரம் நின்றார்.

“வா, போவம்” என்றார். எசன் வரும்வரை அவ்வளவுதான்.

இப்போதும் பக்கத்தில் நின்றுதான் கழுவுகிறார். மழையைப் பற்றிச் சொல்வார், முழங்கால் நோவைப் பற்றிச் சொல்வார். அந்தக் கதையை மட்டும் எடுப்பதில்லை. எத்தனையோ நாள் எனக்குச் சலித்த கதை. நேற்று நானாகக் கேட்டுப் பார்த்தேன்.

“அண்ணை, அந்த மனிசன் எப்பிடிச் செத்தவர்?”

“ஈரல் வருத்தம் வந்து செத்தவர். அந்தத் தட்டை இஞ்சாலை எடு.”

எசன், 18 ஒக்டோபர் 2009, ஞாயிறு.