பின்சக்கரத்தில் சேராத ஸ்பேசர்

சாக்கை எடுத்து உதறினேன். அதிலிருந்து ஓர் இரும்பு வளையம் விழுந்து, சிமெண்ட் தரையில் உருண்டு, வாசற்படியில் மோதிப் படுத்தது. நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, விரல் தடிமன். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடாமல் நடுவில் நிற்பதற்காக அச்சில் கோக்கிற ஸ்பேசர் அது. அது இருக்கவேண்டிய வண்டி பத்து நிமிடத்துக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தது. ஓட்டிக்கொண்டு போனவர் மாமா, என் அக்காவின் கணவர். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனவள் ஏழு மாத வயிற்றோடு அக்கா. சக்கரத்தை மாட்டியவன் நான்.

மாமாவுக்கு தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றபடி புடவையைப் பிரித்துப் போட்டு, மறுபடி மடித்து அடுக்க வேண்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்போது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அதனால் என் பேச்சு மாமாவுக்குச் சட்டம் மாதிரி. மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார், காய்ச்சல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதையும் என்னைத்தான் கேட்பார். "மச்சான் படிச்சவன், அவன் சொன்னா கரீட்டா இருக்கும்" என்று கடையில் கூட நிற்பவர்களிடம் சொல்வாராம். எனக்கு அது பிடித்திருந்தது. தெரியாத கேள்விக்குக்கூட தெரிந்த மாதிரி பதில் சொல்லப் பழகியிருந்தேன்.

அன்று ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மாதாந்திர செக்கப். காலையில் பார்த்தால் பின்சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் சந்தில் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை, ஆனால் ஒருவரும் ஒன்பது மணிக்கு முன்னால் ஷட்டரைத் தூக்குவதில்லை. நானே கழற்றுகிறேன் என்றேன். கழற்றி, தோளில் தூக்கிப்போய், பெட்ரோல் பங்க் ஓரத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்தேன். தரை கீறக்கூடாதென்று சாக்கு விரித்தேன். அச்சு, நட்டு, ஸ்பேசர் எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவித் துடைத்து, கழற்றிய வரிசையில் செய்தித்தாளில் அடுக்கினேன். பாகங்களைச் சுத்தம் செய்துதான் மாட்டவேண்டும் என்பது கல்லூரிப் பட்டறையில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

மாட்டும்போதுதான் கை போதவில்லை. ஒரு கையால் சக்கரத்தைத் தூக்கி, இன்னொரு கையால் அச்சை நுழைக்கும்போது ஸ்பேசர் நழுவி விழுந்தது. எடுத்து வைத்தேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அச்சு மறுபக்கம் வந்துவிட்டது, ஸ்பேசரைத் தாளில் காணோம், ஆகவே அது உள்ளே இருக்கிறது என்று முடிவு செய்தேன். சாக்கின் மடிப்பில் அது சத்தமில்லாமல் விழுந்திருக்கிறது. நட்டு வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகமாக உள்ளே போயிற்று. மரை முடிந்துபோய் நின்ற நட்டை, நன்றாக இறுகி நின்றது என்று எடுத்துக்கொண்டேன். "முடிஞ்சுதா மச்சான்?" என்றார் மாமா. "பக்கா மாமா" என்றேன்.

வளையத்தை எடுத்துக்கொண்டு போன் போட்டேன். ஓட்டும்போது மாமா போனைத் தொடமாட்டார். அக்காவுக்குப் போட்டேன். அவள் போன் வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் மேலிருந்து அடித்தது. அந்தச் சக்கரம் என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் மூன்று வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒதுங்கும், செயின் பல்சக்கரத்தைவிட்டு நழுவும், நழுவிய செயின் சிக்கினால் சக்கரம் நின்ற இடத்தில் பூட்டிக்கொள்ளும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும். ஒருக்களித்து உட்கார்ந்தவள் எந்தப் பக்கம் விழுவாள் என்பது வரைக்கும் மனம் கணக்குப் போட்டது.

செருப்புகூட இல்லாமல் ஓடி, ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

"ராயப்பேட்டை ஆஸ்பத்திரி. வேகமா போங்க. இல்ல, மெதுவா போங்க, ரோட்டைப் பாத்துக்கினே போவணும்."

"மெதுவாவா வேகமாவா? ஒண்ணு சொல்லு நைனா" என்றார் ஓட்டுநர். என் கையைப் பார்த்தார். "இன்னா அது, மோதிரமா? பொண்ணு ஊட்ல திருப்பிக் குட்த்துட்டாங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. "பின்வீலா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

கிண்டி, சின்னமலை, சைதாப்பேட்டை பாலம். பாலத்தின் மேல் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா அன்று கட்டியிருந்தது மஞ்சள் புடவை, கண்ணில் பட்ட மஞ்சள் புடவையெல்லாம் அவளாகத் தெரிந்தது. நந்தனம் தாண்டியதும் சாலையோரம் கூட்டம். ஆட்டோ நிற்பதற்குள் குதித்து, ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு தள்ளுவண்டி கவிழ்ந்து, கொய்யாப்பழம் சிதறிக் கிடந்தது. வண்டிக்காரர் பொறுக்கிக்கொண்டிருந்தார். "பாத்து காலை வைப்பா, மிதிக்காத" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது ஆட்டோவில் திரும்ப ஏறி உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

தேனாம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அவர்கள் இருந்தார்கள். வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. அக்கா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க இன்ஜினியர் சார். உங்க சக்கரம் டான்ஸ் ஆடுது."

"ரோடு சரியில்லம்மா, நோண்டிப் போட்டுக்கிறான்" என்றார் மாமா.

"ரோடா? நந்தனத்துலேந்து சொல்லிக்கினே வரேன், பின்னாடி வாலாட்டற மாதிரி கீது, நிறுத்துய்யான்னு. மச்சான் மாட்டினது, ஒண்ணும் ஆவாதுன்றாரு! இவன் சட்டைப் பட்டனையே மேலயும் கீழயுமா மாட்டிக்கினு காலேஜுக்குப் போறவன். சிக்னல்ல நின்னுச்சு, நானே எறங்கிட்டேன்."

கையை விரித்துக் காட்டினேன். மாமா வளையத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். டயர் ஒரு பக்கமாக ஒதுங்கி உரசியதில், ஓரத்துத் தண்டில் பெயிண்ட் போய் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. செயின், பல்சக்கரத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்: "இது உள்ள போவணுமா மச்சான்?"

ஆமாம் என்று தலையாட்டி, வளையத்தை அவர் கையில் வைத்தேன்.

பக்கத்துச் சந்தில் ஒரு மெக்கானிக் அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தார். அச்சை உருவியவர், "எவன்யா மாட்டினது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மாமா, "நான்தாம்பா" என்றார்.

"கண்ணாடி மாதிரி கழுவி வெச்சுக்கிற? அந்தப் பழைய கிரீஸ்தான்யா இத்த ஒட்டிக்கினு இருக்கும். அதையே கழுவிட்டா எது புடிச்சிக்கினு நிக்கும், உன் மீசையா?" என்று சொல்லிக்கொண்டே, விரலில் கிரீஸை வழித்து, வளையத்தைச் சக்கரத்தின் குழியில் ஒட்டினார். சக்கரத்தைப் பாதத்தால் உந்தித் தூக்கி அச்சைச் செருகினார். வளையம் அசையவில்லை. திட்டை மாமா தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

அக்கா நான் வந்த ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். மாமா வண்டியைக் கிளப்பி, "ஏறு மச்சான்" என்றார். பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்தேன். ஆட்டோவைத் தொடர்ந்து போகும்போது சொன்னார், சைதாப்பேட்டை பாலத்திலேயே ஹேண்டில் ஒரு மாதிரி இருந்ததாம். பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிற வண்டி, அவர் கைக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும், நான் மாட்டியது என்பதால் அந்தக் கையை நம்பாமல் விட்டிருக்கிறார். கொஞ்ச தூரம் போனதும், "இப்ப ஆடுதா மச்சான்?" என்றார்.

"இல்ல மாமா."

"நீ சொன்னா சரி."

அந்தக் காலையில் அதுவரை பட்ட பயம் எதுவும் அந்த மூன்று வார்த்தை கொடுத்த பயத்துக்கு ஈடில்லை.

இப்போது ஈக்காட்டுத்தாங்கலிலேயே ஒரு தொழிற்சாலையில், பாகங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. "சார் பாத்துட்டாரு, அனுப்பு" என்று யாராவது சத்தம் போட்டால் எழுந்து போய் இன்னொரு தடவை அளந்து பார்ப்பேன். மாமா இன்னும் மாறவில்லை. பின்சக்கரம் பஞ்சரானால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை, எனக்குத்தான் போன் வரும். மாட்டி முடித்ததும், அவர் சரிபார்க்காமல் சாவியை வாங்கக் கை நீட்டுவார்.

அக்கா விடமாட்டாள். "முதல்ல நீ ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்பாள். நான் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து, அவள் குனிந்து அச்சின் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்க்கிற வரைக்கும், அன்று வயிற்றிலிருந்த மகளைத் தன் கையைவிட்டு வண்டியில் ஏற்றமாட்டாள். அந்த வீட்டில் என் படிப்பை நம்பாதவள் அவள் ஒருத்திதான். அவள் வாசலில் நிற்கிறாள் என்ற தைரியத்தில்தான் நான் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறேன்.