கிருமிகளுக்குச் சமைத்த காலம்

கல்யாண வீடுகளில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர்கள், "அன்ரி, நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்பார்கள். "சமையல்" என்பேன். "எந்த ரெஸ்ரோரன்ற்?" என்று அடுத்த கேள்வி வரும். "ரெஸ்ரோரன்ற் இல்லை, கிருமிகளுக்கு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். கேட்டவர் தன் தட்டிலிருக்கும் வடையை ஒருதரம் பார்ப்பார். பிறகு என்னோடு அதிகம் கதைக்க மாட்டார். அதுவும் எனக்கு வசதிதான்.

நான் சொல்வது பொய்யில்லை. ரொறன்ரோவின் நடுப்பகுதியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கனகாலம் அந்த வேலைதான் செய்தேன். நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடியபிறகு வீட்டில் சும்மா இருந்தேன். நகரின் கிழக்கோரம், மல்வேர்னில் எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் மன்னார்க்காரத் தங்கச்சி ஒருத்தி இருந்தாள். ஒருநாள் லிப்டுக்குள் கண்டதும் கேட்டாள்.

"அக்கா, எங்கட இடத்தில சமைக்க ஆள் தேவையாம். வாறீங்களோ?"

"எனக்கு அஞ்சாம் வகுப்புத்தானே பிள்ளை."

"கிருமிக்கு அது தெரியாது அக்கா."

அப்படித்தான் நான் டொக்டரிடம் போனேன். டொக்டர் என்றால் ஊசி போடும் டொக்டர் இல்லை. அன்ரிபயோற்றிக் மருந்து கண்டுபிடிக்கும் விஞ்ஞானி. வெள்ளைக்காரப் பெண்மணி, கட்டை முடி, ஓயாத வாய். என்னிடம் அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி. தங்கச்சி அதைத் தமிழில் சொன்னாள்: "கஞ்சி அடிப்பிடிக்காமல் காய்ச்சுவீங்களோ எண்டு கேக்கிறா." நான் தலையாட்டினேன். வேலை கிடைத்துவிட்டது.

நோய் தரும் கிருமியைக் கொல்லும் மருந்தைத் தருவதும் ஒரு கிருமிதான் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். அது மண்ணுக்குள் இருக்கிறதாம். மழை பெய்தவுடன் மண்ணிலிருந்து ஒரு வாசம் வருமே, அது அந்தக் கிருமியின் வாசமாம். டொக்டர் தன் இளவயதில், இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து, ஏரிக்கரைச் சேற்றிலிருந்து ஒரு மருந்து எடுத்திருந்தார். அது இன்றைக்கும் ஆசுபத்திரிகளில் சொட்டுச் சொட்டாக ஆட்களுக்கு ஏறுகிறது. அதற்காகக் கொடுத்த கனமான வெண்கலக் கேடயத்தைக் கதவு சாத்தாமல் இருக்க நிலத்தில் முண்டு கொடுத்து வைத்திருந்தார். கேட்டால், "பழைய மருந்துக்கெல்லாம் கிருமி பழகிவிடுகிறது, புதிது தேட வேண்டும், கேடயத்துக்கு வேறென்ன வேலை" என்பார்.

தேடுவதென்றால் அப்படியொரு தேடல். அவருடைய கோட்டுப் பைக்குள் எப்போதும் ஒரு கரண்டியும் சின்னப் பைகளும் இருக்கும். தன் சொந்தத் தங்கையின் கல்யாண விருந்தில் பூச்சாடிக்குள் கரண்டியை விட்டுப் பேச்சு வாங்கினாராம். கடும் பனி பெய்த ஒருநாள் என்னைக் காரில் மல்வேர்னுக்குக் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கித் திரும்பிப் பார்த்தால், பஸ் தரிப்புக்குப் பின்னால் குந்தியிருந்து பனியை விலக்கி உறைந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் பார்க்கிறது. எனக்கு வெட்கம் தாங்கவில்லை, தெரியாதவள் போல வீட்டுக்குள் போய்விட்டேன்.

மண் கிருமிகளுக்கு என் சமையல். ஓட்ஸ், உருளைக்கிழங்கு, சோயா மா, தக்காளிச் சாறு. எல்லாவற்றையும் கடற்பாசியோடு காய்ச்சி, மேசை உயரமுள்ள பிரஷர் குக்கர் ஒன்றில் அவித்து, சின்னக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினால் ஆறி இறுகிவிடும். அதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. பக்கத்து அடுப்பில் தங்கச்சி நோய்க் கிருமிகளுக்குச் சமைப்பாள். அவர்களுக்கு மாட்டிறைச்சிச் சாறு வேண்டும். நான் மாட்டிறைச்சியைத் தொட்டதில்லை. தங்கச்சி வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கு அது பெரிய விசயமில்லை. "உங்கட கிருமி சைவம், என்ர கிருமி அசைவம். சம்பந்தம் செய்ய ஏலாது அக்கா" என்று பகிடி விடுவாள்.

கோயில் படையலுக்குச் சமைப்பதுபோலத்தான் நான் அங்கேயும் சமைத்தேன். குளித்துவிட்டுப் போவேன். எச்சில் தெறிக்காமல் வாயில் துணி கட்டுவேன். ருசி பார்க்க மாட்டேன், கதைக்கவும் மாட்டேன். படையலை அப்படிச் சமைத்துத்தான் எனக்குப் பழக்கம். புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாம் "வாயில் வைக்காதே, தட்டுக்கு மேலே கதைக்காதே" என்று சொல்லிச் சொல்லி டொக்டர் களைத்துப் போயிருந்தாராம். எனக்கு அவர் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் ஊற்றிய தட்டில் வேண்டாத பூஞ்சணம் வருவது குறைவு. கதைக்கத் தெரியாதவள் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்ட எனக்கு, கதைக்காததற்கு நல்ல பெயர் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

அப்படி இருக்கும்போது ஓர் ஓகஸ்ற் மாதம் தங்கச்சி மடு மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போனாள். அவள் வரும்வரை மாட்டுச் சாறும் என் தலையில். அதே மாதம்தான் நல்லூர்த் திருவிழாவும். கொடி ஏறினால் எங்கள் வீட்டில் முட்டைகூட இல்லை.

"டொக்டரிட்டச் சொல்லுங்கோவன் அக்கா," என்றாள் தங்கச்சி பெட்டி கட்டும்போது.

"எனக்கு வாய் வராது."

"வாயைத் திறந்தால்தானே வரும்!"

சொன்னால், இது ஏலாதவளை ஏன் வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். அந்த வேலை எனக்கு நல்ல விருப்பம். காலையில் பஸ் ஏறும்போதே மனம் துள்ளும். அதை இழக்கவும் மனமில்லை, மாட்டைத் தொடவும் மனமில்லை. கடைசியில் ஸ்காபரோவில் கோயிலுக்குப் போய், சனம் கலைந்தபிறகு, மெல்லமாக ஐயரிடம் கேட்டேன்.

"அதை ஆர் சாப்பிடப் போகினம்?" என்றார் ஐயர்.

"கிருமி, ஐயா."

"நீங்கள் உப்புப் பார்ப்பியளோ?"

"சீச்சீ, இல்லை ஐயா."

"அப்ப பாவம் கிருமிக்குத்தான். விபூதியைப் பூசிக்கொண்டு போங்கோ."

விபூதியைப் பூசிக்கொண்டுதான் போனேன். இரண்டு சோடி கையுறை போட்டேன். மாட்டுச் சாற்றுப் போத்தலைத் திறந்தேன். உள்ளே கறுத்த பாகு போல ஒன்று இருந்தது. மணம் வந்தது. மூடிவிட்டேன். கொஞ்சநேரம் நின்று திரும்பவும் திறந்தேன், திரும்பவும் மூடினேன். ஐயர் தந்த உத்தரவு கைக்கு வந்து சேரவில்லை.

அன்றைக்கு மாட்டுச் சாற்றுத் தட்டு கட்டாயம் வேண்டியிருந்தது. பஸ் தரிப்பில் சுரண்டிய மண்ணிலிருந்து ஒரு கிருமியை டொக்டர் பிரித்து எடுத்து, என் ஓட்ஸில் வளர்த்து வைத்திருந்தார். அது மருந்து விடுகிறதா என்று நோய்க் கிருமியோடு விட்டுப் பார்க்க வேண்டும். பிந்தினால் கிருமி முற்றிவிடும், முதலிலிருந்து வளர்க்க வேண்டும். வெகுநாளாக அவர் கையில் நல்லதொன்றும் அகப்படவில்லை. காலையிலிருந்து நடந்துகொண்டே இருந்தார். வந்து பார்த்தால் நான் போத்தலோடு நிற்கிறேன்.

என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன்.

"டொக்டர், திஸ் கௌ. ஐ நோ ரச். ஐ கான்ற்."

இவ்வளவும் சொல்ல எனக்கு வேர்த்துவிட்டது. ஓயாத வாய்க்காரி பேசாமல் நின்றதும், வேலை போய்விட்டது என்றே நினைத்து ஏப்பிரனைக் கழற்றினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"விலகு. உனக்கு முன்னமே இந்த வேலை செய்தவள் நான்," என்றார்.

உண்மைதானாம். உருளைக்கிழங்குத் தோட்டக்காரரின் மகள் அவர். படித்து முடித்து ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, பொம்பிளைப் பிள்ளை என்று முதலில் தட்டுக் கழுவவும் சாறு காய்ச்சவும்தான் விட்டார்களாம். அந்தக் கதையைச் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டே பானையை அடுப்பில் வைத்தார். கதை நீண்டது. கரண்டி பானைக்குள் சும்மா நின்றது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. சாற்றில் கலந்த கடற்பாசி அடியில் பிடித்தால் ஒருநொடியில் பொங்கிவிடும்.

"கிண்டுங்கோ!" என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. "ஐயோ கிண்டுங்கோ, அடிப்பிடிக்குது! அடுப்பைக் குறையுங்கோ!"

அவர் திரும்பி, கத்தியது நான்தானா என்று பார்த்தார். அதற்குள் பொங்கி அடுப்பு முழுக்க ஊற்றிவிட்டது. கருகின மாட்டு மணம் கூடம் எல்லாம் பரவியது. மாணவர்கள் வாசலுக்கு ஓடிவந்து மூக்கைப் பொத்தினார்கள். டொக்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கரண்டியோடு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது.

இரண்டாவது பானைக்கு என் சட்டம். அவர் வாயிலும் துணியைக் கட்டவைத்தேன். நான் பானையைத் தொடாமல் கதவு நிலையில் நின்றேன். அவர் கதைக்க வாயெடுத்தால் விரலைக் காட்டினேன். "கிண்டுங்கோ" என்றால் கிண்டினார். "காணும்" என்றால் நிறுத்தினார். சாறு நல்ல பதமாக வந்தது.

தட்டு இறுகியதும் நோய்க் கிருமியை அதில் பூசி, என் ஓட்ஸ் தட்டில் வளர்ந்ததில் ஒரு சின்னத் துண்டை வெட்டிப் பொட்டு மாதிரி நடுவில் வைத்தார். அடுத்தநாள் விடிய என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தட்டு முழுக்க நோய்க் கிருமி பால் ஆடை போலப் படர்ந்திருந்தது. பொட்டைச் சுற்றி மட்டும் வட்டமாக வெளித்துக் கிடந்தது. அதற்குள் ஒன்றுகூட உயிரோடு இல்லை. ஓட்ஸ் சாப்பிட்ட சைவக்காரன் மாட்டுக்காரர் எல்லாரையும் துரத்திவிட்டான். மடுவிலிருந்து போனில் கதைத்த தங்கச்சி, "உது எங்கட மல்வேர்ன் பெடியன் எல்லோ! பஸ்ஸுக்கு நிண்டு நிண்டு வந்த கோபம்" என்றாள். ஐயருக்கும் போய்ச் சொன்னேன். அவர் கனநேரம் சிரித்தார்.

ஆனால் சோதித்துப் பார்த்ததில் அந்தப் பெடியன் விட்ட மருந்து புதிது இல்லையாம். எப்போதோ வேறு யாரோ கண்டுபிடித்ததாம். எனக்குத்தான் அழுகை வரப்பார்த்தது. டொக்டர், "பழையதோ புதியதோ, அவன் தன் வேலையைச் செய்தான்" என்றார். பின்னேரம் பார்த்தால் கோட்டுப் பைக்குள் கரண்டியை வைத்துக்கொண்டு வெளிக்கிடுகிறார்.

அந்த மாதம் முழுக்க மாட்டுச் சாறு அவர்தான் காய்ச்சினார். நான் கதவு நிலையில் நின்று ஏசினேன். என் மனுசனைக்கூட நான் அப்படி ஏசினதில்லை.

தங்கச்சி பனங்கட்டியோடு திரும்பி வந்தாள். டொக்டர் ஏப்பிரனை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகாமல், நான் நின்ற கதவு நிலையில் வந்து நின்றார். தங்கச்சி ஊர்ப் புதினத்தைச் சொல்லிக்கொண்டு பானையைக் கவனிக்கவில்லை. நுரை மேலே ஏறியது.

"கிண்டுங்கோ!" என்று கத்தினார் டொக்டர்.

தங்கச்சியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"அக்கா! டொக்டருக்கு உந்தத் தமிழை ஆர் பழக்கினது?"

நான் என் ஓட்ஸ் பானைக்குள் பார்த்துக் கிண்டிக்கொண்டே நின்றேன். வாயில் துணி கட்டியிருந்தது நல்லதாய்ப் போயிற்று.